வணக்கம் சொல்கிறார்கள், அறையை மாற்றித் தருவதில்லை!

கேள்வி: இருபது அறை கொண்ட விடுதி நடத்துகிறேன். ஊழியர்களுக்கான ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் பெரிய தொகை கொடுத்தேன். எல்லோருக்கும் சான்றிதழ் தந்தார்கள். ஒரே மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: ஏமாற்றியது பாதி, நீங்களாகப் போய் மாட்டிக்கொண்டது பாதி. பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேட்டிருக்க வேண்டும். வகுப்பு எடுப்பவர் எப்போதாவது ரிசப்ஷனில் இரவு ஷிப்ட் பார்த்தவரா? ரிசப்ஷன், ஹவுஸ்கீப்பிங், உணவகம் எல்லாவற்றுக்கும் ஒரே பாடமா, தனித்தனியா? ஒரு மாதம் கழித்து வந்து பார்ப்பாரா? இதில் எதற்கும் சரியான பதில் வரவில்லையென்றால் நீங்கள் வாங்கியது மதியச் சாப்பாட்டுடன் ஒரு சொற்பொழிவு.

பத்தடி தூரத்தில் முகம் பார்த்துப் புன்னகை, ஐந்தடியில் வாய்விட்டு வணக்கம் என்று இந்தத் தொழிலில் ஒரு பாடம் உண்டு. நல்ல பாடம்தான். ஆனால் வெந்நீர் வராத அறைக்காரரிடம் அது எடுபடாது. அவருக்கு வேண்டியது வேறு அறை. அதைக் கொடுக்கும் அதிகாரம் எதிரே நிற்கும் ஊழியருக்கு இருக்கிறதா? "மேனேஜர் வரட்டும் சார்" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாதவருக்கு எத்தனை வகுப்பு எடுத்தும் பயனில்லை. ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினருக்காக 2,000 டாலர் வரை மேலதிகாரியைக் கேட்காமலே செலவிட ஊழியருக்கு அனுமதி உண்டு. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். அறை மாற்றம், ஒருவேளை உணவு, இரண்டு மணி நேரம் தாமதமாகக் காலி செய்ய அனுமதி, ஒருநாள் வாடகையில் கால்பங்கு தள்ளுபடி ஆகியவற்றை யாரையும் கேட்காமல் தரலாம் என்று எழுதி, கையெழுத்திட்டு, ரிசப்ஷன் மேசையின் உள்பக்கம் ஒட்டுங்கள். கொடுத்ததை நோட்டில் எழுதினால் போதும். எழுதியவரை ஒருமுறை திட்டிப் பாருங்கள், அன்றோடு எழுதுவது நின்றுவிடும். குறையும் உங்கள் காதுக்கு வராது.

பயிற்சிக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நாளுக்கு ஒரே விஷயம். இன்றைக்கு "ஏசி குளிரவில்லை". ஒருவர் விருந்தினர், ஒருவர் ரிசப்ஷன். குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். சாக்குச் சொல்லாமல் வருத்தம் தெரிவிக்க வேண்டும். என்ன செய்யப்போகிறோம், எத்தனை மணிக்குள் என்று சொல்லி, அதைச் செய்து, பிறகு அறைக்குப் போன் போட்டு "இப்போது குளிர்கிறதா?" என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் எப்போதும் விட்டுப்போகும். புகாரை வாங்கியவர் ஷிப்ட் முடிந்து கிளம்பியிருப்பார், வந்தவருக்கு விஷயமே தெரிந்திருக்காது. நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: அறை எண், குறை, சொன்ன நேரம், சரிசெய்த நேரம், திரும்பக் கேட்டவர் பெயர். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அது அடுத்த ஷிப்டின் வேலை.

கேள்வி: தனியாகப் பயணம் செய்யும் பெண் நான். செக்-இன் செய்தபோது, சுற்றிலும் ஆட்கள் நிற்க, ரிசப்ஷனில் என் அறை எண்ணை உரக்கச் சொன்னார்கள். இதைப் பெரிதுபடுத்தலாமா?

பதில்: தாராளமாகப் பெரிதுபடுத்துங்கள் அம்மா. எண்ணைக் கீ கார்டின் உறையில் எழுதி விரலால் காட்ட வேண்டும் என்பது ரிசப்ஷன் வேலையின் அரிச்சுவடி. அங்கேயே நின்று வேறு அறை கேளுங்கள், புது எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். யாராவது போனில் கேட்டாலும் எண்ணைச் சொல்லக்கூடாது, அழைப்பை மட்டும் அறைக்கு இணைக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டிவிடுங்கள்.

கேள்வி: மலிவாக இருந்ததால், பணம் திரும்பாத கட்டணத்தில் முன்பதிவு செய்தேன். பயணம் தள்ளிப்போனது. இனிமையாகப் பேசுகிறார்கள், பணம் மட்டும் தரமாட்டார்களாம்.

பதில்: மலிவுக்குக் காரணமே அதுதான், படித்திருக்கலாம். பணத்தை விட்டுவிட்டுத் தேதியை மாற்றித் தரக் கேளுங்கள், சில இடங்களில் கிடைக்கும்.

கேள்வி: உறுதி செய்யப்பட்ட முன்பதிவு. இரவு பதினொரு மணிக்குப் போனால் அறை இல்லை என்கிறார்கள்.

பதில்: சிலர் வரமாட்டார்கள் என்ற கணக்கில், இருக்கும் அறையைவிடக் கூடுதலாக விற்கிறார்கள். எல்லோரும் வந்துவிட்டால் கடைசியில் வந்தவர் தலையில் விழுகிறது. குற்றம் முழுக்க அவர்களுடையது. பணத்தை வாங்கிக்கொண்டு உடனே வெளியேறாதீர்கள். அதே தரத்தில் அல்லது அதற்கு மேல் பக்கத்தில் ஓர் அறை, அங்கே முதல் இரவு வாடகை, போகும் வண்டிச் செலவு மூன்றையும் இவர்களே ஏற்பது நல்ல விடுதிகளின் வழக்கம். எழுத்தில் கேளுங்கள். இனி இரவில் போவதானால், வரும் நேரத்தை முன்கூட்டியே செய்தியாக அனுப்பிப் பதிலையும் வாங்கி வையுங்கள்.

கேள்வி: "தனிப்பட்ட கவனிப்பு" என்று பிறந்தநாள், திருமண நாள், பிடித்த உணவு எல்லாம் கேட்டுப் படிவம் நீட்டுகிறார்கள். நிரப்ப வேண்டுமா?

பதில்: அடையாள ஆவணம் காட்டத்தான் வேண்டும். மற்றது உங்கள் விருப்பம். கவனிப்புக்குப் படிவமே வேண்டாம், கண் இருந்தால் போதும். தலையணை நடுவில் மடிந்து கிடக்கிறதென்றால் அந்த அறை விருந்தினருக்கு உயரம் போதவில்லை. நல்ல ஹவுஸ்கீப்பிங் ஊழியர் அன்றே இன்னொன்று வைத்து, விருந்தினர் பதிவிலும் ஒரு வரி ஏற்றச் சொல்வார். அடுத்த முறை கேட்காமலே இருக்கும். ‘தோட்டம் பார்த்த அறை’ என்று கூடுதல் காசு வாங்கிக்கொண்டு, ஏசி வெளிப்பெட்டியைக் காட்டிய விடுதியிலும் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் தவறாமல் வருகிறது.

கேள்வி: நட்சத்திர மதிப்பீடுகளை நம்பலாமா?

பதில்: ஐந்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். கீழே விடுதி தந்த பதிலையும் பாருங்கள். பத்துப் புகாருக்கும் அதே "சிரமத்துக்கு வருந்துகிறோம்" இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.