வாசகர் கேள்வி–பதில்: முன்பெருக்கியை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

கேள்வி: 1 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரையிலான கதிர்வீச்சு உமிழ்வை (மின்னணுக் கருவிகள் வெளிவிடும் ரேடியோ அலைகளை) 3 மீட்டர் தொலைவில் அளக்கிறோம். மேல் அதிர்வெண்களில் ஸ்பெக்ட்ரம் அனலைசரின் (அதிர்வெண் வாரியாகச் சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் கருவி) இரைச்சலே விதி அனுமதிக்கும் வரம்புக் கோட்டுக்கு மேலே நிற்கிறது. இரைச்சல் எண் (கருவி தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) 3 டெசிபெல், பெருக்கம் 30 டெசிபெல் கொண்ட முன்பெருக்கி (மெல்லிய சமிக்ஞையை அனலைசருக்கு முன்பே வலுப்படுத்துவது) ஒன்றும், இரைச்சல் எண் 2, பெருக்கம் 45 கொண்ட மற்றொன்றும் எங்கள் பார்வையில் உள்ளன. வைஃபை கருவிகளையும் சோதிக்கிறோம். எதை வாங்கலாம்?

பதில்: முதலாவதை வாங்குங்கள். ஆனால் அதை அனலைசருக்கு அருகில் அல்ல, ஆன்டெனாவின் அடியிலேயே பொருத்துங்கள். இரண்டு முன்பெருக்கிகளுக்கும் இடையே இரைச்சல் எண்ணில் உள்ள 1 டெசிபெல் வேறுபாட்டைவிட, பொருத்தும் இடம் தரும் வேறுபாடு மிகப் பெரியது.

கணக்கைப் பாருங்கள். அறை வெப்பநிலையில் 1 மெகாஹெர்ட்ஸ் அலைப்பட்டைக்கு வெப்ப இரைச்சல் −114 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 எனக் கொண்ட டெசிபெல் அளவு); 50 ஓம் அமைப்பில் இது −7 டெசிபெல் மைக்ரோவோல்ட். 18 கிகாஹெர்ட்ஸில் ஹார்ன் ஆன்டெனாவின் காரணி (புலத்தின் வலிமையைப் பெற, ஆன்டெனா தரும் மின்னழுத்தத்தோடு கூட்ட வேண்டிய டெசிபெல்) 46, கேபிள் இழப்பு 6, அனலைசரின் இரைச்சல் எண் 27 டெசிபெல் என்று கொண்டு இவை அனைத்தையும் கூட்டினால், முன்பெருக்கி இல்லாத நிலையில் இரைச்சல் தளம் (திரையில் இரைச்சல் நிற்கும் மட்டம்) 72 டெசிபெல் மைக்ரோவோல்ட்/மீட்டர். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி விதியின் சராசரி வரம்போ 3 மீட்டரில் 54. நீங்கள் திரையில் காண்பது இதைத்தான். முதலாவது முன்பெருக்கியைக் கேபிளுக்குப் பின்னால், அனலைசரின் வாயிலில் (உள்ளீட்டில்) வைத்தால் மொத்த இரைச்சல் எண் ஏறத்தாழ 10 ஆகி, தளம் 49-க்கு இறங்கும். வரம்புக்கு 5 டெசிபெல் கீழே. வழக்கமாக எதிர்பார்க்கப்படும் 6 டெசிபெல் இடைவெளி அப்போதும் கிடைக்காது. அதே முன்பெருக்கியை ஆன்டெனாவிலேயே பொருத்தினால் இரைச்சல் எண் 6, தளம் 45, இடைவெளி 9 டெசிபெல். செலவு ஏதுமின்றிக் கிடைக்கும் இந்த 4 டெசிபெலைப் பல ஆய்வகங்கள் வீணாக்குவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இனி 45 டெசிபெல் பெருக்கம் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் 100 மில்லிவாட் கதிர்வீசும் கருவி 3 மீட்டரில் ஏறத்தாழ 115 டெசிபெல் மைக்ரோவோல்ட்/மீட்டர் புலத்தை உண்டாக்குகிறது. ஆன்டெனா காரணி 28 எனில் முன்பெருக்கியின் வாயிலுக்கு வருவது −20 டிபிஎம். அதனை 45 டெசிபெல் பெருக்கினால் +25 டிபிஎம் வெளிவர வேண்டும். ஆனால் இவ்வகைப் பெருக்கிகள் பலவும் +10 டிபிஎம் அளவிலேயே நெரிந்துவிடுகின்றன; அதற்கு மேல் சமிக்ஞையைச் சரியாகப் பெருக்க முடிவதில்லை. அப்போது அவை தாமாகவே ஹார்மோனிக்குகளை (மூல அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் சமிக்ஞைகளை) உற்பத்தி செய்ய, குற்றமற்ற கருவி தோல்வியுற்றதாக அறிக்கை எழுதப்படும். அகலப்பட்டைப் பெருக்கி, நீங்கள் திரையில் பார்க்கும் பகுதியை மட்டுமல்லாமல், தன் வாயிலுக்கு வரும் அனைத்தையும் பெருக்குகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 30 டெசிபெல் பெருக்கியும் இங்கே விளிம்பில்தான் நிற்கிறது; ஆகவே ஹார்மோனிக்குகளை அளக்கையில் அதன் முன்னே ஹை-பாஸ் ஃபில்டர் (தாழ் அதிர்வெண்களைத் தடுத்து உயர்ந்தவற்றை மட்டும் விடும் வடிகட்டி) ஒன்றைப் போடுங்கள். ஃபில்டரின் இழப்பு அப்படியே இரைச்சல் எண்ணோடு கூடும் என்பதால் இழப்புக் குறைந்ததையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பெருக்கி நெரிகிறதா என்பதை அளவீட்டின்போதே எப்படி அறிவது?

பதில்: முன்பெருக்கியின் வாயிலில் 10 டெசிபெல் அட்டென்யுவேட்டரை (சமிக்ஞையைக் குறைக்கும் உறுப்பை) செருகுங்கள். சந்தேகத்துக்குரிய சமிக்ஞை சரியாக 10 டெசிபெல் குறைந்தால் அது கருவியிலிருந்து வருவது. 20 அளவுக்குக் குறைந்தால், பெருக்கிக்குள் பிறந்த இரண்டாம் ஹார்மோனிக். அட்டென்யுவேட்டரைப் பெருக்கிக்குப் பின்னால் செருகினால் இந்தச் சோதனை எதையும் காட்டாது.

வாங்குமுன் வாயிலின் நிலையலை விகிதத்தையும் (இணைப்பில் சமிக்ஞை எவ்வளவு பிரதிபலிக்கிறது என்பதன் அளவு; 1 என்றால் பிரதிபலிப்பே இல்லை) கேளுங்கள். ஆன்டெனாவுக்கும் பெருக்கிக்கும் 2 என்றால், அந்த இணைப்பு மட்டுமே ஏறத்தாழ ±1 டெசிபெல் ஐயப்பாட்டைச் சேர்க்கும்.