துணி எடுத்தால் கூப்பன், குலுக்கலில் ஸ்கூட்டர்: செய்யலாமா?

கேள்வி: விருதுநகர் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் துணி எடுப்பவர்களுக்குக் கூப்பன் கொடுத்து, குலுக்கலில் ஒருவருக்கு ஸ்கூட்டர் தர நினைக்கிறேன். துணி விலையை ஏற்றவில்லை, கூப்பனுக்கும் காசு இல்லை. 'இது லாட்டரி' என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். கூப்பனில் ஒரு கேள்வி அச்சடித்து, 'போட்டி' என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

லாட்டரி என்றால் பரிசு இருக்கும், அது யாருக்கு என்பதை அதிர்ஷ்டம் முடிவு செய்யும், சேர்வதற்குக் காசு கொடுத்திருப்பார்கள். நான் காசு வாங்கவில்லையே என்பது உங்கள் வாதம். தமிழ்நாட்டில் அது உங்களைக் காப்பாற்றாது. இங்கே 1979-ஆம் ஆண்டின் பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது. பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கலிலோ வேறு எந்த விதத்திலோ ஆளைத் தேர்ந்து பரிசு தருவதையே அது தடுக்கிறது. பெரிய கம்பெனிகளின் பரிசு விளம்பரங்களில் 'தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது' என்று பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். அரசு அனுமதி இல்லாமல் லாட்டரி நடத்த இடம் வைத்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 297-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை என்பது தனி.

சரி, கேள்வி விஷயத்துக்கு வருவோம். 'தமிழ்நாட்டின் தலைநகர் எது?' என்று கேட்டால் ஐந்நூறு பேரும் சரியாகத்தான் எழுதுவார்கள். அப்புறம் குலுக்கத்தானே போகிறீர்கள்? கணிசமான திறமை தேவைப்படும் போட்டி சூதாட்டம் ஆகாது என்று 1957-இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றிய 1996-ஆம் ஆண்டு லட்சுமணன் வழக்கிலும், வெற்றியில் திறமையின் பங்கு மேலோங்கி இருக்கிறதா என்றுதான் பார்த்தது. ஸ்கூட்டர் யாருக்கு என்பதைக் குலுக்கல் பெட்டி முடிவு செய்யும் வரை, உங்கள் கேள்வி வெறும் ஒப்பனை. (குறுக்கெழுத்து மாதிரி எழுத்துப் புதிர் வைக்கலாமே என்று தோன்றினால், அதற்கென்றே 1955-இல் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.)

உண்மையான போட்டி வேண்டுமென்றால் கோலப் போட்டி வையுங்கள். துணி எடுத்தவர், எடுக்காதவர் யாரும் வரட்டும். பில் கேட்காதீர்கள், நுழைவுக் கட்டணமும் வேண்டாம். பில் காட்டியவருக்கு மட்டும் என்றால், 'வேறு எந்த விதத்திலோ' என்ற அந்தச் சொற்கள் கோலப் போட்டியையும் பிடிக்கலாம். நடுவர் யார், எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே எழுதிக் கடையில் ஒட்டுங்கள். இருவர் சமமாக வந்தால் சீட்டுப் போட்டுப் பார்க்கக் கூடாது. இன்னொரு சுற்று வையுங்கள்.

என்னைக் கேட்டால், ஸ்கூட்டர் பணத்துக்கு எவர்சில்வர் டப்பா வாங்கி, ஆயிரத்துக்கு மேல் எடுக்கும் எல்லாருக்கும் கொடுத்துவிடுவேன். எல்லாருக்கும் ஒரே பரிசு என்றால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை, இந்தச் சட்டமும் வராது. 'இருப்பு உள்ளவரை' என்று மட்டும் நோட்டீஸில் போட்டுக்கொள்ளுங்கள்.