பிறந்த தேதி ஒரு நாள் பின்னால் போவது ஏன்?

கேள்வி: பள்ளி ஒன்றின் மாணவர் சேர்க்கைக்காக இணையச் செயலி எழுதிவருகிறேன். பெற்றோர் பிறந்த தேதியாக 14-06-2015 என்று தேர்ந்தெடுத்தாலும், டேட்டாபேஸில் 13-06-2015 என்றே பதிவாகிறது. சர்வரில் ஓட்டும் சோதனைகளில் பிழை எதுவும் தெரியவில்லை. அனுப்பும்போது ஒரு நாளைக் கூட்டிவிடலாமா? நேர்காணல் நேரங்களை எப்படி அனுப்புவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தயவுசெய்து கூட்டாதீர்கள். கூட்டினால், நியூயார்க்கிலிருந்து விண்ணப்பிப்பவரின் குழந்தைக்குத் தேதி 15 ஆகிவிடும்.

நடப்பது இதுதான். உங்கள் நாட்காட்டிப் பெட்டி, தேர்ந்தெடுத்த தேதியை ஜாவாஸ்கிரிப்டின் டேட் பொருளாக, அதாவது இந்திய நேரப்படி 14ஆம் தேதி நள்ளிரவு 00:00 மணியாக, வைத்துக்கொள்கிறது. அதை ஜேசனாக (சர்வருக்குத் தரவை அனுப்பும் எழுத்து வடிவமாக) மாற்றும்போது ஜாவாஸ்கிரிப்ட் மொழியே அந்தக் கணத்தை யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது; இந்திய நேரம் யூடிசியைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால், அது 13ஆம் தேதி 18:30 என்று ஆகிறது. இதுவரை தவறே இல்லை, ஏனெனில் இரண்டும் ஒரே கணம்தான். சர்வர் 18:30ஐ வெட்டியெறிந்து தேதியை மட்டும் வைத்துக்கொள்ளும்போதுதான் குழந்தையின் பிறந்த நாள் மாறிப்போகிறது. சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியிலேயே ஓடுவதால் அங்கே நள்ளிரவு நள்ளிரவாகவே இருக்கும். சோதனையில் பிழை அகப்படாததற்குக் காரணம் அதுவே. கொல்கத்தா, நியூயார்க் ஆகிய இரு நேர மண்டலங்களிலும் சோதனையை ஓட்டிப் பாருங்கள்.

பிறந்த தேதி என்பது நாட்காட்டியில் உள்ள ஒரு நாளே தவிர, உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கணம் அன்று. ஆகவே அதை 2015-06-14 என்ற வெறும் எழுத்துச் சரமாகவே அனுப்பி, ஜாவாவில் லோக்கல்டேட், பைதானில் டேட் போன்ற நேரமில்லா வகையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சரத்தை ஜாவாஸ்கிரிப்டில் மீண்டும் டேட் பொருளாக மாற்றினால் அது யூடிசி நள்ளிரவாகக் கொள்ளப்படும் என்பதால், அமெரிக்காவில் பார்ப்பவருக்குப் பழையபடி 13 தெரியும்.

கட்டணம் செலுத்திய நேரம் போன்ற, நடந்து முடிந்தவற்றுக்கு யூடிசி போதும். நேர்காணலோ இனிமேல் நடக்கவிருப்பது. அதற்கு உள்ளூர் நேரத்தையும், ஏசியா/கொல்கத்தா என்பது போன்ற மண்டலப் பெயரையும் சேர்த்தே சேமியுங்கள். இலங்கை 2006 ஏப்ரலில் +6:00இலிருந்து +5:30க்குத் திரும்பியது. அதற்கு முன்பே, மே மாதக் கொழும்புச் சந்திப்பு ஒன்றைக் காலை 10 மணி என்று குறித்து, யூடிசி 04:00 என்று மட்டும் சேமித்திருந்தால், மாற்றத்துக்குப் பிறகு அது 9:30 என்றே காட்டியிருக்கும். மண்டலப் பெயர் இருந்தால், நேர மண்டலத் தரவைப் புதுப்பித்ததும் 10 மணி 10 மணியாகவே நிற்கும்.

ஏற்கெனவே பதிவான தேதிகளை மொத்தமாகத் திருத்தவும் முயல வேண்டாம். எந்தப் பெற்றோர் எந்த நாட்டிலிருந்து பதிந்தார் என்பது வெட்டப்பட்ட நேரத்தோடு போய்விட்டது. ஒவ்வொன்றையும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டே திருத்த வேண்டும்.