மோனோமர் வாடையால் மாலைத் தலைவலி

பல் மருத்துவ நிலையத்தில் மோனோமர் (அக்ரிலிக் தூளுடன் குழைக்கும் திரவம்) வாடையை முகக்கவசம் தடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றடுக்கு முகக்கவசம் அந்த வாடையைத் தடுக்காது. என்95 அணிந்தாலும் தடுக்காது. இரண்டும் துகள்களுக்கானவை. தற்காலிகப் பல்லுக்கு அக்ரிலிக் குழைக்கும்போது எழுவதோ மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற அந்தத் திரவத்தின் ஆவி.

மாலையில் தலைவலியும் கண் எரிச்சலும் என்கிறீர்கள். காற்றோட்டத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் உள்ள பல் மருத்துவ நிலையங்கள் பலவற்றில் சுவரில் மாட்டிய குளிரூட்டி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது, வெளிக்காற்று வருவதில்லை. குளிர்கிறது என்பதால் காற்று சுத்தம் என்று முதலாளிகள் நம்புவது தனிக் கதை.

1. காற்று வெளியேற்றும் விசிறியின் கம்பி வலையில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வையுங்கள். ஒட்டாமல் விழுந்தால் விசிறி இருந்தும் பயனில்லை.

2. விசிறி காற்றை இழுத்தால், ஒரு வாரம் அதனருகே குழைத்துத் தலைவலி குறைகிறதா என்று பாருங்கள். ஊற்றியதும் புட்டியை மூடுங்கள். குழைத்த கிண்ணம், துடைத்த தாள் எல்லாம் மூடியுள்ள தொட்டிக்குள் போகட்டும். பல இடங்களில் வாடை கிளம்புவதே திறந்த குப்பைத்தொட்டியிலிருந்துதான்.

சாதாரண லேடெக்ஸ், நைட்ரைல் கையுறைகளை இந்தத் திரவம் விரைவில் ஊடுருவிவிடும். நனைந்தால் உடனே மாற்றுங்கள். எந்தக் கையுறை தாங்கும் என்பது அந்தத் திரவத்துக்கான பாதுகாப்புத் தரவுத் தாளின் 8ஆம் பகுதியில் இருக்கும்.

இருமலோ மூச்சிரைப்போ விடுமுறையில் தணிந்து வேலைநாளில் திரும்பினால், இந்தச் சோதனைகளில் நேரம் கடத்தாமல் மருத்துவரிடம் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.