குடும்பத்தாரின் இதயம் நலமாக இருக்க இல்லத்தரசிகள் தினமும் என்னென்ன செய்ய வேண்டும்?

இல்லத்தரசிகள் மட்டும்தானா? கேட்டவர் பெண்ணாக இருந்தால், உங்கள் வீட்டிலும் யாரோ மருத்துவமனையில் படுத்து எழுந்திருக்கிறார், பழி உங்கள் அடுப்பின்மேல் விழுந்திருக்கிறது என்று ஊகிக்கிறேன். ஆணாக இருந்தால், இன்று காலை கடையில் என்ன குடித்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு பேசலாம்.

நான் மலேசியாவில், பினாங்கின் ஆயர் ஈத்தாம் பக்கம் இருக்கிறேன். என் கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் இரவு ஷிப்டு பார்த்தவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு விடியற்காலையில், தாடையும் இடது தோளும் வலிக்கிறது என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. “காற்றுப் பிடித்திருக்கிறது, தேய்த்தால் போய்விடும்” என்று தைலப் புட்டியைத் திறந்தார். நான் புட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு அவசர எண் 999-ஐ அழைத்தேன். இதய இரத்தக்குழாயில் இரண்டு இடங்களில் அடைப்பு, குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தார்கள். மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும் என்று சினிமா பார்த்து நம்புகிறவர்கள் இதையாவது நினைவில் வையுங்கள். தாடை, தோள், முதுகு, மேல்வயிறு என்று வலி எங்கே வேண்டுமானாலும் வரலாம். குளிர்ந்த வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் தைலத்தைத் தேடாதீர்கள். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமலும் வருவதுண்டு.

வார்டுக்குப் பார்க்க வந்த நாத்தனார், ஹார்லிக்ஸ் புட்டியை மேசைமேல் வைத்த கையோடு, “அண்ணி, இனிமேலாவது தேங்காய்ப்பாலைக் குறையுங்கள்” என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தேங்காய்ப்பாலில் நிறைவுற்ற கொழுப்பு உண்டு, கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், மறுக்கவில்லை. என் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறிக்கு மட்டும். மனிதர் வீட்டில் சாப்பிட்டதே ஒரு வேளைதான். ஷிப்டு முடிந்து வரும் வழியில் பசியாற ரொட்டி சானாய் என்கிற பரோட்டா, தே தாரேக் என்கிற பால் தேநீர். வேலைக்குப் போகும் வழியில் நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு, அதிலும் நான்கைந்து குழம்பைக் கலந்து சோறு மிதக்கும்படி. இடைவேளைக்கெல்லாம் சிகரெட். இதில் என் சட்டி எங்கே வந்தது?

தே தாரேக் போடுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? குவளையின் அடியில் சர்க்கரை சேர்த்த கெட்டிப்பால் விரல் தடிமனுக்கு நிற்கும். அதன்மேல் தேயிலைச் சாயத்தை ஊற்றி, இரண்டு குவளைகளுக்கு நடுவே இழுத்து ஆற்றுவார்கள். நுரையைப் பார்க்கிற அழகில் சர்க்கரை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. புட்டியிலும் டின்னிலும் வரும் இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலையிலிருந்து இந்நாட்டில் வரி உண்டு. மாமாக் கடை என்கிற நம் முஸ்லிம் உணவகங்களின் குவளைக்கு அந்த வரியும் இல்லை. அதே 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மற்ற இனத்தாரைவிட நம் இந்தியர்களுக்குத்தான் அதிகம். நீரிழிவு வந்தால் இதயத்துக்கும் ஆபத்து கூடுகிறது. இப்போது என் கணவர் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்தான் குடிக்கிறார். முதலில் கேட்டபோது கடைக்காரத் தம்பி, “என்ன அண்ணே, வீட்டில் சண்டையா?” என்றாராம். சிகரெட்டையும் விட்டுவிட்டார். புகையை நிறுத்தி ஓராண்டானால் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று மருத்துவர் சொன்னது, நான் இத்தனை வருடம் சொன்னதைவிட நன்றாக வேலை செய்தது.

ஆண்களையே குறை சொல்கிறாளே என்று வரிந்துகட்டிக்கொண்டு வருபவர்கள் கவனிக்கவும்: எனக்கும் இரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை போடுகிறேன். அதனால்தான் உப்பில் கண்டிப்பு. ஓர் ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாங்கள் மூன்று பேர், மாதத்துக்கு 450 கிராம். ஊறுகாய், கருவாடு, சோயா கீச்சாப் என்கிற சாஸ், கடைச் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே முதல் தேதி ஒரு ஜாடியில் 250 கிராம் மட்டும் நிரப்புவேன். தீர்ந்தால் தீர்ந்ததுதான், கடைசி நாள்களில் புளியும் எலுமிச்சையும் கைகொடுக்கும்.

இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பாருங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேச்சை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். தொடர்ந்து 135/85-ஐத் தாண்டினால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். இடுப்பையும் அளந்துவிடுங்கள். நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

நான் மருத்துவர் அல்லள். ஆனால் மாத்திரை விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து குடித்தால் அடைப்பு கரையும், மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று வாரம் தவறாமல் அனுப்புகிறார். பூண்டு ரசம் நானும் வைக்கிறேன், ருசிக்காக. ஸ்டென்ட் வைத்தவர், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாத்திரைகளைத் தன்னிச்சையாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்துவிடலாம். சிறுநீரகத்தைப் பெரும்பாலும் கெடுப்பது அடங்காத சர்க்கரையும் அழுத்தமும்தான். பெரியவருக்கு இதை எழுதினேன், கும்பிடும் கைப்படம் ஒன்று வந்தது.

நடைக்கு வருகிறேன். வாரத்துக்கு 150 நிமிடம், சற்று மூச்சு வாங்கும் வேகத்தில். தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறச் சொல்கிறார்கள். ஐந்நூறுக்கு மேல் படிகள், இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். நாங்கள் சனி, ஞாயிறில் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறோம். மற்ற நாள்களில் வீட்டருகே நடக்கலாம் என்றால் எங்கே நடப்பது? கடைகளின் முன்னுள்ள நடைபாதையான ஐந்தடிப் பாதை முழுக்க மோட்டார் சைக்கிள், அதைத் தாண்டினால் சாப்பாட்டுக் கடை மேசை, அதற்கும் அப்பால் பெயர்ந்துபோன கால்வாய் மூடி. நடங்கள், நடங்கள் என்று சுவரெல்லாம் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். புகார் எழுதிப் போட்டேன். யாரோ வந்து மஞ்சள் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். இப்போது மோட்டார் சைக்கிள்களை அந்தக் கோட்டுக்குள் வரிசையாக நிறுத்துகிறார்கள். நாங்கள் சாலையில் இறங்கி நடக்கிறோம், பின்னால் வரும் கார்கள் ஹாரன் அடிக்கின்றன.