ஆடியோகிராமின் சரிவும் காதில் கேட்கும் விசிலும்

வணக்கம். இரண்டு காதிலும் ஓயாத விசில் சத்தம், ஆடியோகிராமில் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில்) 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிவு, "பேச்செல்லாம் நன்றாகக் கேட்கிறதே, பிறகு ஏன் இந்த இரைச்சல்?" என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அந்தச் சரிவேதான் காரணம்.

உள்காதில் நத்தை வடிவச் சுருளின் அடிப்பகுதி கீச்சென்ற ஒலிகளையும், நுனிப்பகுதி கனத்த ஒலிகளையும் வாங்குகிறது. அங்கே ஒலியை உணரும் மயிர்செல்கள் ஓரிடத்தில் பழுதானால் அங்கிருந்து மூளைக்குப் போகும் செய்தி குறையும். வானொலியில் நிலையம் சரியாக எடுக்காதபோது நாம் ஒலியைக் கூட்டிவைப்பதுபோல, மூளையும் அந்தப் பகுதியின் உணர்திறனை ஏற்றிக்கொள்கிறது. அதன் சொந்தச் சலசலப்பே ஒலியாகக் கேட்கிறது. பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது. அதனால்தான் இரைச்சலின் சுருதி, கேட்கும் திறன் குறைந்த அலைவரிசைக்குள்ளேயே பெரும்பாலும் அமைகிறது. பெருஞ்சத்தத்தால் வரும் பாதிப்பில் 4000-ஐ ஒட்டிப் பள்ளம் விழும், விசில் கேட்கும். உள்காதைப் பாதிக்கும் மெனியர் நோயில் தாழ்ந்த ஒலிகள் முதலில் குறையும், இரைச்சலும் ஹோவென்று கனமாக இருக்கும்.

அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்று தேடாதீர்கள். சுருதியைக் கணிப்பதில் ஒரு ஸ்தாயி தவறுவது சகஜம். வழக்கமான சோதனை 8000-லேயே நின்றுவிடுகிறது, அதற்கு மேலுள்ள இழப்பு அதில் தெரியாது.

பயப்படாதீர்கள், இரைச்சல் கேட்கும் திறனைக் கெடுக்காது. காது கருவி அணிந்து பார்க்கலாமா என்று ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரிடம்) கட்டாயம் கேளுங்கள். சரியாகக் கேட்காமல் போன ஒலிகள் திரும்பக் கிடைத்தால் பலருக்கு இரைச்சல் அமுங்குகிறது. இரைச்சல் ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று காது மந்தமானால் அன்றைக்கே போய்விடுங்கள்.