தவறாமல் அடித்த மணி

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம் இது. சற்றே சுருக்கியிருக்கிறேன்.)

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு வயது 61. வங்கிப் பணியிலிருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். என் தந்தையின் திதி ஆவணி மாதத் தேய்பிறைத் திரயோதசி. அம்மா இருந்தவரை அது ஒருமுறைகூடத் தவறியதில்லை. அம்மா ஒரு மாசி மாதத்தில் காலமாகி இப்போது இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு, கும்பகோணத்தில் இருக்கும் அத்தை முன்கூட்டியே தொலைபேசியில் கூப்பிட்டு நினைவூட்டினார். இனி யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்று, சிரார்த்தம் முடிந்த அன்று மாலையே, ஆண்டுதோறும் ஆகஸ்ட் 31ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்பாக மணி அடிக்கும்படி கைப்பேசியில் பதிந்துவைத்தேன். இந்த ஆண்டும் மணி சரியாக அடித்தது. சிரார்த்தம் செய்துவைக்கும் வாத்தியாரைக் கூப்பிட்டேன். “திரயோதசி 20ஆம் தேதியே போயிடுத்தே சார்” என்றார். கூடத்தில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்குகிறது. கிழிப்பார் இல்லாமல் அது ஜூன் மாதத்திலேயே நிற்கிறது. ஏன் இம்முறை சொல்லவில்லை என்று அத்தையிடம் கேட்டபோது, “நீதான் போன்ல போட்டு வச்சுட்டேன்னு சொன்னியே” என்றார்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு குடியிருந்த வீட்டின் ஆறு இலக்கத் தொலைபேசி எண் எனக்கு இன்றும் தெரியும். பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள்களை இப்போதும் சொல்வேன். பெற்ற தகப்பனின் திதி மட்டும் எப்படி மறந்தது? இது ஞாபகக் குறைவா, வயதுக்கு வரும் நோயா, அல்லது உள்ளுக்குள் அன்பே வற்றிவிட்டதா? ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அன்பு வற்றிய ஒருவர் இதற்காக ஒரு வாரம் தூக்கத்தைத் தொலைக்க மாட்டார். மேலும், நீங்கள் எதையும் மறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாதம், பட்சம், திதி மூன்றையும் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்திருந்த அந்த விஷயம், தேவைப்பட்ட நாளில் தானாக உங்கள் முன் வந்து நிற்கவில்லை, நடந்தது அவ்வளவுதான்.

நாம் ‘ஞாபகம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதை உளவியலாளர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். நடந்ததையும் கற்றதையும் நினைவில் வைத்திருப்பது ஒன்று. செய்ய வேண்டியதை, செய்ய வேண்டிய பொழுதில் நினைத்துக்கொள்வது மற்றொன்று. முன்னதில் யாராவது நம்மைக் கேட்கிறார்கள், நாம் தேடி எடுத்துச் சொல்கிறோம். பின்னதில் கேட்பதற்கு ஆள் இல்லை. வேறு வேலைக்கு நடுவே நாமே நம்மை இடைமறித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். தொலைபேசி எண்ணும் செய்யுளும் முதல் வகை. அந்த எண்ணைப் பல ஆண்டுகள் விரலால் சுழற்றியிருப்பீர்கள். செய்யுளிலோ எதுகையும் மோனையும் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடும். ஒரு பாட்டின் இறுதியையே அடுத்த பாட்டின் தொடக்கமாக வைக்கும் அந்தாதி போன்ற ஒரு வடிவம், ஏட்டைவிட நாவையே அதிகம் நம்பியிருந்த ஒரு சமூகத்துக்கு எவ்வளவு பெரிய உதவியாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். திதிக்கு எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் வேறொரு தேதியில் வருகிறது.

நீங்கள் இடறிய இடம் அந்தத் தேதிதான். வானத்தில் சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகிச் செல்வதற்கு ஆகும் பொழுதே ஒரு திதி. அப்படி 30 திதிகள் சேர்ந்தால் சுமார் இருபத்தொன்பதரை நாட்கள். அத்தகைய பன்னிரண்டு சுற்றுகள் முடிய 354 நாட்கள். ஆகவே ஒரு திதி அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னதாக வந்துவிடும், அல்லது அந்தத் தமிழ் மாதத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் பல நாட்கள் பின்னால் தள்ளிப்போகும். ஆகஸ்ட் 31 இந்த ஆண்டு ஆகஸ்ட் 20 ஆனது இதனால்தான். உங்கள் கைப்பேசி நீங்கள் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தது. நீங்கள் அதனிடம் சொன்னது திதியை அன்று, தேதியை.

செய்ய வேண்டியதை நினைத்துக்கொள்ளும் ஞாபகம் நம்மில் யாருக்கும் அவ்வளவு வலுவானதல்ல. சென்ற மாதம் எழும்பூரில் ஒருவரிடம் கொடுக்க வேண்டிய கோப்புடன் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினேன். நுங்கம்பாக்கம் தாண்டும்வரைகூட நினைவிருந்தது. பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்க, பேச்சு வளர்ந்து, நான் தலைநிமிர்ந்தபோது வண்டி கடற்கரை நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. கோப்பு என் மடியிலேயே இருந்தது. அது தப்பியது என் கவனத்திலிருந்து. நம் மரபில் நினைவாற்றலின் உச்ச வித்தைக்கே ‘அவதானம்’ என்றுதான் பெயர்; அந்தச் சொல்லுக்குப் பொருள் கவனம். 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே இன்றும் நிற்கும் விக்டோரியா பொது மண்டபத்தில் தமிழ்ப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம், அதாவது ஒரே சமயத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் வித்தை, செய்து காட்டினார். கேட்ட ஈற்றடிக்கு வெண்பா சொல்லிக்கொண்டே, இடையிடையே ஒலிக்கும் மணியையும் முதுகில் விழும் நெல்லையும் எண்ணிக்கொண்டிருப்பது போன்றவை அவதானக் கலையில் அடங்கும். அத்தகையவர்களை நூற்றாண்டுக்குச் சிலராகவே காண்கிறோம். மற்றவர்கள் முந்தானை நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள், பால் கணக்கைச் சுவரில் கரிக்கோடாக இழுத்து வைத்தார்கள். அதை மூளையின் தோல்வி என்று அவர்கள் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

குறளில் பொச்சாவாமை என்றொரு அதிகாரமே இருக்கிறது. பொச்சாப்பு என்றால் மறதி. ‘உள்ளியது எய்தல் எளிதுமன் மற்றுந்தான் உள்ளியது உள்ளப் பெறின்’ என்பது அதன் கடைசிக் குறள். நினைத்ததை அடைவது எளிது, நினைத்ததை விடாமல் நினைத்திருக்க வாய்த்தால். அந்தப் ‘பெறின்’ என்ற இடத்தில்தான் உலகமே வழுக்கி விழுகிறது.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் கடந்து சென்ற ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். ‘அம்மா இருந்தவரை அது ஒருமுறைகூடத் தவறியதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அத்தனை ஆண்டுகளும் திதியை நினைவில் வைத்திருந்தவர் நீங்கள் அல்ல. புதுக் காலண்டர் வந்ததும் உங்கள் அம்மா என்ன செய்வார் என்று நீங்கள் எழுதவில்லை. என் அம்மா என்ன செய்வார் என்று சொல்கிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, அந்தத் தடித்த கட்டை மடியில் வைத்து, தாள் தாளாகப் புரட்டி, ‘சிரார்த்த திதி’ என்று அச்சிட்ட சின்ன எழுத்தைத் தேடி, வேண்டிய தாளின் மூலையை மடித்துச் சிவப்புப் பேனாவால் ஒரு சுழி போடுவார். திதி மட்டுமல்ல, மருமகளின் நட்சத்திரப் பிறந்தநாள், வீட்டு வரி கட்ட வேண்டிய மாதம், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி எல்லாமே அந்தத் தாள்களில் இருக்கும். காலையில் ஒரு தாளைக் கிழிக்கும்போதே மடித்த மூலை இன்னும் எத்தனை நாள் தள்ளி இருக்கிறது என்று கட்டைவிரலால் தொட்டுப்பார்த்துக்கொள்வார். நாங்கள் பிள்ளைகள், குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததோடு சரி. அதைத்தான் ‘எங்கள் வீட்டில் திதி தவறாது’ என்று வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பெரும்பாலான வீடுகளில் வீட்டின் ஞாபகம் ஒருவர் தலையில் இருக்கிறது, அவர் பெரும்பாலும் ஒரு பெண். பெண்களுக்கு இயல்பாகவே ஞாபகசக்தி அதிகம் என்று ஆண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது பாராட்டு வேடம் போட்டு வரும் சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. அந்த ஒருவர் போகும்போது, அவரோடு சேர்த்து நம்முடையது என்று நாம் நினைத்திருந்த ஞாபகமும் போய்விடுகிறது. உங்களுக்கு நேர்ந்தது அதுதான். அத்தை கொஞ்ச காலம் அந்த இடத்தில் நின்றார். நீங்கள் போனில் போட்டுவிட்டதாகச் சொன்னதும் நிம்மதியாக விலகிக்கொண்டார். அவர்மேல் வருத்தப்படாதீர்கள்.

நோயைப் பற்றி: நான் மருத்துவன் அல்லன். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் நேர்வது. சாவி எதற்கு என்றே விளங்காமல் போவதும், பழகிய தெருவில் வழி தவறுவதும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதும் வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆயினும் பயம் இருந்தால் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கமின்மை, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றைச் சரிசெய்ய முடியும்.

செய்வதற்கு என்ன இருக்கிறது என்றால், முதலில் கைப்பேசியைத் திட்டாதீர்கள். அது காலையில் எழுப்பவும் மாத்திரை நேரத்தைச் சொல்லவும் நல்ல வேலைக்காரன். ஆனால் அதில் ஆகஸ்ட் 31ஐ அழித்துவிட்டு, ஜனவரி முதல் வாரத்தில் ‘புதுக் காலண்டரைப் புரட்டு’ என்று பதியுங்கள். ஓரிரு நாள் முன்பின் ஆனாலும் அது கெடாது. ‘இன்னது நேர்ந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போட்டுத் தீர்மானிக்கும் எண்ணம், பொத்தாம்பொதுவான தீர்மானத்தைவிட நன்றாக நிறைவேறுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதினார். காலைக் காபியைக் கையில் எடுத்ததும் காலண்டர் தாளைக் கிழிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் நிற்கும் அந்தக் கட்டை இன்றைக்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். ஜனவரியில் புரட்டும்போது பிள்ளைகளில் ஒருவரையாவது பக்கத்தில் உட்காரவையுங்கள்.

தவறிய சிரார்த்தத்துக்கு என்ன வழி என்பதை வாத்தியார் சொல்வார். முன்னோரை நினைக்கும் மகாளய பட்சம் வரப்போகிறது, அதிலும் ஒரு திரயோதசி உண்டு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. அப்பாவின் திதியைப் பட்சத்தோடு எழுதிய நீங்கள், அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது ‘ஒரு மாசி மாதத்தில்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் இடம் போதாமல் விட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால், இதைப் படித்து முடித்ததும் கும்பகோணத்துக்கு ஒரு போன் போடுங்கள். அத்தைக்குத் தெரிந்திருக்கும்.